மனுவேல் அண்ணனின் இரண்டாவது சேனல்

ஜூன் 4

காலை: மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி. நடுவில் ஒரு கொய்யா. மதியம்: சோறு, சாளைமீன் குழம்பு, முருங்கைக்கீரை. மாலை: சர்க்கரை போடாத பால்.

சாப்பிடுவதை எல்லாம் எழுதிவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர் உமையாள். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறதாம். அதற்காக வாங்கிய டைரி இது. நாளுக்கு ஒரு பக்கம் என்று அச்சடித்திருக்கிறார்கள். இட்லிக்கும் மீன் குழம்புக்கும் கால் பக்கம் போதும். மிச்சத்தை வெறுமையாக விட நூலகத்தில் வேலை பார்ப்பவளுக்கு மனம் வராது.

ஆகவே: என் பெயர் பிரிஸ்கா. ஊர் தூத்துக்குடி. வார நாட்களில் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து பிள்ளைகளைச் சத்தம் போடாதீர்கள் என்பேன். சனி, ஞாயிறுகளில் மனுவேல் அண்ணனின் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பேன். வாசித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் சரி. போன வருடத்தோடு நின்றுவிட்டது. இப்போது வயிற்றில் பிள்ளை, நான்காவது மாதம் நடக்கிறது.

ஜூன் 8

மனுவேல் அண்ணன் வீட்டுக்கு வந்தார்.

"ஏ பிரிஸ்கா, உனக்குப் பதிலா வாசிச்ச பய துபாய்க்குப் போய்ட்டான். பேஸ் இல்லாத கச்சேரி உப்பில்லாத கஞ்சியா இருக்கு. நீ உக்காந்தே வாசி. நல்ல நாற்காலியாப் போடுதேன்."

"என்கிட்ட ஆம்ப் இல்லையே அண்ணே."

"பெருசு எங்க?"

என் கணவர் ரெக்ஸன் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனபடியே பதில் சொன்னார். "தங்கப்பழம் கடையிலதான் நிக்கி. வால்வு கிடைக்கலையாம். சென்னைல சொல்லி வச்சிருக்காராம்."

பெருசு என்பது என் பழைய ஆம்ப்ளிபயர். கொச்சியில் ஒரு ஓட்டல் பேண்டு கலைந்தபோது வாங்கியது. உள்ளே பழைய ரேடியோவில் இருப்பதுபோல் கண்ணாடி வால்வுகள், பதினைந்து அங்குல ஸ்பீக்கர், ஆளைப் போல எடை. தடித்த கம்பியைத் தட்டினால் அதன் சத்தம் காதுக்கு வருமுன் உள்ளங்காலுக்கு வந்துவிடும். போன வருடம் ஒரு கல்யாண வரவேற்பில் பாதிப் பாட்டில் ஊமையாகி, தங்கப்பழத்தின் ரிப்பேர் கடைக்குப் போனது. இன்னும் திரும்பவில்லை.

மனுவேல் அண்ணன் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். பிறகு, சொந்த வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுகிறவரின் முகத்தோடு சொன்னார்: "என் கீபோர்டு ஆம்ப்ல ரெண்டு சேனல் இருக்கு. ஒண்ணுல நான் இருக்கேன். இன்னொண்ணு சும்மாதான் கிடக்கு."

உட்கார்ந்து வாசிக்கலாம், ஸ்பீக்கரிலிருந்து தள்ளி உட்கார வேண்டும், எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் போனில் சொன்னார். மே மாதம் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு ஓய்வெடுத்ததிலிருந்து வீட்டுச் சுவர்களை அளவுக்கு மேல் பார்த்துவிட்டேன். சரி என்று சொல்லியனுப்பினேன்.

ஜூன் 15

ஒத்திகை, மனுவேல் அண்ணன் வீட்டு மாடியில். அவருடைய ஆம்புக்கு வெல்வெட் உறை உண்டு. அவர் மனைவி தைத்தது. உறையைக் கழற்றி, மடித்து, நாற்காலியில் வைத்துவிட்டு நிபந்தனைகளைச் சொன்னார்.

"சத்தம் பாதிக்கு மேல போகப்படாது. பேஸைக் கூட்டுத திருகை நீ தொடப்படாது, நான்தான் தொடுவேன். எல்லாத்தையும் குறைச்சு வச்சிட்டுத்தான் வயரச் சொருகணும். கேட்டியா?"

கேட்டேன்.

கீபோர்டு ஆம்ப் விசித்திரமான பெட்டி. கீபோர்டிலிருந்து புல்லாங்குழல் வரும், வயலின் வரும், மிருதங்கமும் வரும். எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி வெளியே விடுவதற்காகவே செய்திருக்கிறார்கள். கீச்சுச் சத்தத்துக்கென்று தனியாக ஒரு குட்டி ஸ்பீக்கர் வேறு. பேஸைச் செருகியதும் என் நகம் கம்பியில் உரசுவது, விரல் வழுக்குவது, ஒரு கட்டையிலிருந்து இன்னொன்றுக்கு நான் தாமதமாகப் போவது எல்லாம் கூடத்துக்கே கேட்டது. பெருசு நான் வாசித்ததை மன்னித்து வெளியே அனுப்பும். இது அப்படியே போட்டுக் கொடுத்துவிடுகிறது.

"கை துருப்பிடிச்சிருக்கு" என்றார் அண்ணன், சந்தோஷமாக.

ஜூன் 22

நகம் வெட்டிக்கொண்டேன். கீச்சுத் திருகை முழுக்கக் குறைத்தோம். ஆம்பை ஸ்டாண்டிலிருந்து இறக்கித் தரையில், இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் வைத்துப் பார்த்தோம். சுவரும் தரையும் தாழ்ந்த சத்தத்தை வாங்கித் திருப்பிக் கொடுத்ததில் பேஸுக்குக் கொஞ்சம் சதை பிடித்தது. அண்ணனின் கீபோர்டு மட்டும் இப்போது பானைக்குள்ளிருந்து வருவதாக அவருக்கு வருத்தம். பொறுத்துக்கொண்டார்.

தூக்குவது எல்லாம் ரெக்ஸன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குழுவுக்குக் கிரேன் ஆகிவிடுகிறார். வயரைச் சுருட்ட நான் குனிந்தால்கூட, "அங்கனயே இரி" என்கிறார்.

சாப்பாடு: எழுத மறந்துவிட்டேன். நல்லதையே சாப்பிட்டேன்.

ஜூலை 13

வயிற்றுக்கும் கிட்டாருக்கும் இடத் தகராறு. இத்தனை வருடமாக அது உட்கார்ந்த இடத்தில் இப்போது வேறு ஆள். வலது தொடைக்குத் தள்ளினேன். கை எட்டவில்லை. கடைசியில் கழுத்துப் பகுதியை நிமிர்த்திக் கூரையைப் பார்க்க வைத்தேன். கை சுகமாக விழுந்தது.

"ஏணியப் புடிச்சிட்டு உக்காந்திருக்க மாதிரி இருக்கு" என்றார் ரெக்ஸன்.

மாமியார் குட்டிச் சட்டை ஒன்று வாங்கி வந்தார். பீரோவின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். இப்போதே எடுத்துப் பார்த்தால் அழுக்காகிவிடும்.

ஜூலை 20

ஒத்திகையில் மூன்றாவது பாட்டு. தடித்த கம்பியில் நீளமாக நிற்கிற இடத்தில் வயிற்றுக்குள் ஒரு தட்டு.

வாயு. மதியம் கொண்டைக்கடலை சாப்பிட்டேன்.

மறுபடி வாசித்தோம். அதே இடத்தில் அதே தட்டு.

கொண்டைக்கடலைக்குத் தாளம் தெரியாது. யாரிடமும் சொல்லாமல் அந்தப் பாட்டை மட்டும் இன்னொரு தடவை போகலாம் என்றேன். அண்ணன், "நல்லாத்தானே இருந்துச்சு" என்று அலுத்துக்கொண்டே வாசித்தார். இன்னொரு தடவையும் கேட்டேன்.

ஜூலை 30

எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 2

எழுதிவிடுகிறேன். போன தடவை இதே ஐந்தரை மாதத்தில்தான் அந்தக் கல்யாண வரவேற்பு. மண்டபத்தில் லிப்ட் ஓடவில்லை. பெருசை இரண்டாம் மாடிக்கு ஏற்ற ஆட்கள் யாரும் வரவில்லை. ரெக்ஸன் ஒரு பக்கம் பிடித்தார், நான் ஒரு பக்கம். பாதிக் கச்சேரியில் பெருசு நின்றுபோனது. இரண்டு நாள் கழித்து எனக்கு ஆஸ்பத்திரி. பையன். தங்கவில்லை.

அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை. பேசி என்ன ஆகப்போகிறது.

எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. இன்று அந்த ஆஸ்பத்திரித் தெரு வழியாக வராமல் சுற்றி வந்தேன். அங்கே சாக்கடை வேலை நடக்கிறது. எப்போதும் ஏதாவது வேலை நடந்துகொண்டுதான் இருக்கும்.

ஆகஸ்ட் 11

அந்த வாரம் போய்விட்டது. காலையில் இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன். டாக்டர் திட்டினால் திட்டட்டும்.

ஆகஸ்ட் 17

கடற்கரைப் பக்கம் திறந்த வெளியில் ஒரு நிச்சயதார்த்தம். திறந்த வெளியில் தாழ்ந்த சத்தத்தைப் பிடித்து நிறுத்த மூலையும் இல்லை, சுவரும் இல்லை. கடலுக்குள் போய்விட்டது.

"அண்ணே, கொஞ்சம் கூட்டுங்க" என்றேன். மனுவேல் அண்ணன் ஒரு மயிரிழை கூட்டினார். இன்னும் என்றேன். இன்னொரு இழை. ஸ்பீக்கர் தகரத்தில் மழை விழுவதைப் போல் பட்பட்டென்று அடிக்கத் தொடங்கியது. சிவப்பு விளக்கு மின்னியது. அடுத்த பாட்டின் நடுவில் பெட்டி அணைந்துவிட்டது. சூடு ஏறினால் தானாகவே நின்றுவிடுமாம். என் பேஸோடு அவர் கீபோர்டும் போயிற்று. பாடுகிற பெண்ணும் டிரம்ஸும் மட்டும் மிச்சம். அவர்கள் ஏதோ கிராமியப் பாட்டுக்கு மாறிச் சமாளித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் அதுதான் ஏற்பாடு என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொடுவதுபோல் ஆம்பின் முதுகில் கை வைத்துப் பார்த்தார். அது குளிர்ந்து எழுந்த பிறகு அவர் மட்டும் அதில் வாசித்தார். என் பேஸை, மைக்குகள் போய்ச் சேருகிற மிக்ஸரில் நேராகச் செருகினோம். மேடையில் என் பக்கம் ஒரு ஸ்பீக்கரும் இல்லை. நான் வாசித்தது ஊருக்கே கேட்டது, எனக்குக் கேட்கவில்லை. வயிற்றுக்குள்ளும் கேட்கவில்லை போலிருக்கிறது. அங்கே அமைதி. வீட்டுக்கு வந்து இடப்பக்கமாகப் படுத்து, ஒரு தட்டு வரும்வரை எழுந்திருக்கவில்லை. களைப்பு.

கிளம்பும்போது அண்ணன் சொன்னார்: "தங்கச்சி, என் பெட்டி பாவம். வீட்டுக்குள்ளனா உன் பேஸத் தாங்கும். வெளிய கொண்டுவந்து கத்தச் சொன்னா அது என்ன செய்யும்? அடுத்த மாசம் கோயில் திருவிழாக் கச்சேரி, அந்த மைதானம் இதைவிட அகலம்லா. பெருச எப்படியாவது எடுத்துட்டு வா."

ஆகஸ்ட் 19

மதியம் விடுப்பு எடுத்துத் தங்கப்பழம் கடைக்குப் போனேன். ரெக்ஸனிடம் சொல்லவில்லை. அவர் ஷிப்டில் இருந்தார், போன் எடுக்க மாட்டார்.

தங்கப்பழம் ஒரு மிக்ஸியின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். "வாங்க மேடம். ஒரு வழியா எடுக்க வந்துட்டீயளா?"

"வால்வு வந்துருச்சா?"

"எந்த வால்வு?" என்று நிமிர்ந்தார். "அது சரியாகி வருசம் ஆவப்போவுதே. சார்தான், நான் சொல்லுத வரைக்கும் இங்கனயே இருக்கட்டும்னாரு. மாசாமாசம் வந்து பாக்காரு. தூசி தட்டிட்டுப் போயிருதாரு. நான் உங்களுக்குத் தெரியும்னுல்லா நினைச்சேன்."

கடையின் பின்பக்கம் நின்றிருந்தது. மேலே சுத்தமான வேட்டித் துண்டு ஒன்று போர்த்தியிருந்தது. எங்கள் வீட்டுத் துண்டு. மூன்று மாதமாகக் காணவில்லை என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"போட்டுக் காட்டட்டா?" என்றார் தங்கப்பழம்.

வேண்டாம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். பஸ் வர இன்னும் வெகுநேரம் இருந்தது. நிறுத்தத்தில் உட்கார்ந்து ஒரு இளநீர் குடித்தேன். டாக்டருக்கு: இளநீர் ஒன்று, வழுக்கையோடு.

ஆகஸ்ட் 20

சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது கேட்டேன்.

"தங்கப்பழம் கடைக்குப் போயிருந்தேன்."

ரெக்ஸன் கொடியிலிருந்து ஒரு கிளிப்பைக் கழற்றினார். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"ரொம்ப நாளா சரியாத்தான் இருக்காம்லா."

"ஆமா."

"ஏங்க சொல்லல?"

"அத வீட்டுல வச்சுப் பாக்க என்னால முடியாது பிரிஸ்கா." கிளிப்பைத் திறந்து மூடினார். "வித்துரலாம்னும் நினைச்சேன். உன் சாமான், எப்படி விக்க? ஒரு கை புடின்னு சொன்னது நான்தானே. ஆள் வார வரைக்கும் கீழயே நின்னுருக்கலாம். கச்சேரி லேட்டாயிட்டா என்ன, உலகமா அழிஞ்சிரும்?"

நான் தண்ணீர்த் தொட்டியின் திண்டில் உட்கார்ந்தேன். அது அதனால் நடக்கவில்லை என்று ஆஸ்பத்திரியிலேயே டாக்டர் எனக்குச் சொல்லிவிட்டார். அப்போது இவர் கீழே மருந்துக் கடை வரிசையில் நின்றார். இவருக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, நானும் அவரும். அவ்வளவு நாளும் இந்த மனிதர் இதை நினைத்துக்கொண்டேதான் கிரேன் ஏறி இறங்கியிருக்கிறார்.

"அது பெட்டியத் தூக்கினதால வந்தது இல்லங்க" என்றேன்.

"நீ எனக்காகச் சொல்லுத."

அவர் துணியை மடிக்க ஆரம்பித்தார். என் நைட்டியை வேட்டியைப் போல நான்காக மடித்தார். நான் திருத்தவில்லை.

ஆகஸ்ட் 23

டாக்டர் உமையாளிடம் இருவருமாகப் போனோம். டைரியின் சாப்பாட்டுப் பகுதியை மட்டும் காட்டினேன். "ஜூன் இருபத்திரண்டு, நல்லதையே சாப்பிட்டேன்" என்பதை வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"டாக்டர், இவர் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம்" என்றேன். அவர் மேசையிலிருந்த பிளாஸ்டிக் கருப்பை பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானே கேட்டேன்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "ரெக்ஸன், இங்க பாருங்க. கர்ப்பப்பையோட வாய் இவங்களுக்குப் பலவீனம். பிள்ள கனம் கூடக் கூட, அது தாங்காம தானாத் திறந்துக்கிட்டது. அன்னிக்கு அந்தப் பெட்டியத் தூக்காம கட்டில்லயே படுத்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். இந்தத் தடவை முன்கூட்டியே தெரியும். அதனாலதான் தையல். இப்போ தூக்காதீங்கன்னு சொல்றது இப்போதைய ஜாக்கிரதைக்கு. பழசுக்கு அது காரணம் இல்ல."

"நிச்சயமாவா?" என்றார் ரெக்ஸன்.

"நிச்சயமா."

"நான் சொன்னதால இல்ல?"

"நீங்க சொன்னதால இல்ல."

அவர் எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். தண்ணீர்க் கேன் டாக்டர் அறைக்குள்ளேயே இருந்தது. டாக்டர் என்னிடம் வேறு ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார், அவர் திரும்பி வரும்வரை. வந்தபோது ரெக்ஸன் முகத்தை நன்றாகக் கழுவியிருந்தார்.

வழியில் அந்த ஆஸ்பத்திரித் தெரு வழியாகவே ஸ்கூட்டரை விட்டார். சாக்கடை வேலை எதுவும் நடக்கவில்லை.

ஆகஸ்ட் 31

பெருசு வந்தது. ரெக்ஸனோடு துறைமுகத்திலிருந்து நான்கு பேர். அவர்கள் தூக்கிய விதத்தைப் பார்த்தால் உள்ளே மாதா சொரூபம் இருக்கிறது என்று தெருவே நினைத்திருக்கும். பக்கத்து வீட்டம்மா நிஜமாகவே முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டார். நான் வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார வைக்கப்பட்டிருந்தேன்.

கூடத்தின் ஒரு கோடியில் பெருசு, மறுகோடியில் நான், நடுவில் நீள வயர். வால்வு சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். செந்நிறமாய் உள்ளே ஒளி வந்தது. லேசான உறுமல். தடித்த கம்பியை மெதுவாகத் தட்டினேன். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டன.

அப்புறம் உள்ளேயிருந்து ஒரு உதை. தட்டு இல்லை, உதை. கிட்டாரின் ஓரமே அசைந்தது.

"வாங்க, கை வைங்க" என்றேன். ரெக்ஸன் துறைமுக ஆட்களைப் பார்த்தார். அவர்கள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் எங்கள் வீட்டுக் காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்கள். அவர் கை வைத்தார். நான் மறுபடி தட்டினேன்.

"ஏ," என்றார். அவ்வளவுதான்.

செப்டம்பர் 8

கோயில் திருவிழா, கடைசி நாள் கச்சேரி. பெருசு மேடையின் வலது ஓரத்தில், நான் இடது ஓரத்தில், குறுக்கே எல்லோரையும் தடுக்கி விழ வைக்கும் வயர். மைக் ஒன்றைப் பெருசின் முன்னால் வைத்து அதன் சத்தத்தை மைதானத்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பினோம். அதனால் அதைக் கத்தவிட வேண்டியிருக்கவில்லை.

மனுவேல் அண்ணனுக்குத் தன் ஆம்ப் முழுசாகத் திரும்பக் கிடைத்துவிட்டது. ஸ்டாண்டில் ஏற்றி, கீச்சுத் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய், புல்லாங்குழல் ஒலியில் தனியாக ஒரு ராகம் போட்டுப் பார்த்து, ஆனந்தப்பட்டார். இரண்டாம் பாட்டு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"பிரிஸ்கா, என்னமோ ரெண்டாவது சேனல் காலியாக் கிடக்கது பாக்க நல்லால்ல. ஒத்திகைக்கு என் பெட்டிக்கே வந்துரு. மாடியில பெருச ஏத்தி என் வீட்டு ஓட்ட உடைக்க வேண்டாம்."

ஓட்டுக்காகத்தான் சொன்னார் என்று வைத்துக்கொள்கிறேன்.

நன்றாக வாசித்தேன். கீபோர்டு ஆம்பிடம் மூன்று மாதம் மாட்டிக்கொண்டதில் விரல் சுத்தமாகிவிட்டது. ரெக்ஸன் முதல் வரிசையில் நின்றார். மேடையைப் பார்க்காமல், பெருசையே பார்த்துக்கொண்டிருந்தார், ஊரிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல.

சாப்பாடு: திருவிழாவில் சாப்பிட்டதை எழுதுவதாக இல்லை.

அக்டோபர் 19

இனிமேல் கை கம்பியை எட்டாது. கிட்டாரை உறையில் போட்டேன். பீரோ மேல்தட்டிலிருந்து சட்டையை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டேன். கொடியில் ஒரே ஒரு கிளிப்பில் தொங்குகிறது. பயமாக இருக்கிறது. எழுதிப் பார்த்தேன், அவ்வளவு மோசமாக இல்லை. நாளை இன்னும் இரண்டு சட்டை வாங்க வேண்டும்.

நவம்பர் 26

பிரிஸ்கா எழுதச் சொன்னதால் நான், ரெக்ஸன், எழுதுகிறேன். சாப்பாடு: அவள் காலையில் இரண்டு இடியாப்பம், பால். நான் ஒன்றும் சாப்பிடவில்லை, மறந்துவிட்டது.

நேற்று மதியம் பெண் பிறந்தாள். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். தையலை இந்த மாத ஆரம்பத்திலேயே பிரித்துவிட்டார்கள். டாக்டரம்மா வெளியே வந்து முதலில் என்னிடம்தான் சொன்னார். நான் வரிசை எதிலும் நிற்கவில்லை, கதவுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

மனுவேல் அண்ணன் வந்தார். பிள்ளை அழுததைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, சுருதி சுத்தமாக இருக்கிறது, ஆனால் ரொம்ப மேல் ஸ்தாயி, இது பேஸ் கேஸ் இல்லை, கீபோர்டுதான் என்றார். பிரிஸ்கா படுத்தபடியே அவரை முறைத்தாள்.

முன்பக்கங்களைப் படிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். படிக்கவில்லை. ஆகஸ்ட் இருபது மட்டும் படித்தேன். நைட்டியை எப்படி மடிக்க வேண்டும் என்று அவள் அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

பிள்ளைக்கு என்ன பெயர் என்று நர்ஸம்மா கேட்டார். இன்னும் முடிவாகவில்லை என்றேன். பிரிஸ்கா நான்கு பெயர் வைத்திருக்கிறாள், என் அம்மா இரண்டு. என்னிடம் ஒன்று இருக்கிறது, இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இன்று சொல்லிவிடுவேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்துவிட்டார்கள். முதலில் யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. போகிறேன்.